கான்சஸ் கோதுமைக்காரர்கள் ஏன் இவ்வளவு ஜெபிக்கிறார்கள்? ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் டிவியில் ஒரு வரைபடம் காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். இரண்டு கடற்கரைகளிலும் நீலம், பெரிய நகரங்கள் இருக்கும் இடங்களில் நீலப் பொட்டுகள், நடுவே டெக்சாஸிலிருந்து கனடா எல்லை வரைக்கும் ஏறக்குறைய ஒரே சிவப்பு. (நீலம் ஜனநாயகக் கட்சி, சிவப்பு குடியரசுக் கட்சி.) அந்த நடுப்பகுதிக்கு நகரத்தார் வைத்திருக்கும் பட்டப்பெயரே "விமானத்தில் தாண்டிப்போகிற நாடு" என்பதுதான். அங்கே இருப்பவர்கள் பைபிளைத் தவிர வேறெதையும் படிக்காதவர்கள், எதற்கெடுத்தாலும் ஜெபம் செய்கிறவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு பேச்சு வரும்: நகரத்து ஆட்களுக்குத் தெய்வ பயமும் கிடையாது, தட்டில் இருக்கிற சாப்பாடு எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது.

இந்தப் பிளவைப் பற்றி எழுதுகிற பெரும்பாலானோர் அரசியலில் ஆரம்பித்து அரசியலிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்தச் சிவப்புப் பட்டையின் பெரும்பகுதி கோதுமை நிலம். அதனால் கோதுமையிலிருந்து ஆரம்பித்தால்தான் இது புரியும் என்பது என் எண்ணம். கோதுமை விவசாயம் பற்றி எதுவுமே தெரியாது என்றாலும் பரவாயில்லை, முதலிலிருந்தே சொல்கிறேன்.

கான்சஸ், ஓக்லஹோமா, நெப்ராஸ்கா பக்கம் விளைவது பெரும்பாலும் குளிர்காலக் கோதுமை. செப்டம்பர் கடைசியில், அக்டோபரில் விதைக்கிறார்கள். முளைத்து, விரல் நீளம் வளர்ந்து, தூர் கட்டும். அப்புறம் டிசம்பரில் குளிர் இறங்கியதும் பயிர் அப்படியே தூங்கிப்போகிறது. மேலே பனி போர்வை மாதிரி மூடிக்கொண்டால் நல்லது, மூடாமல் வெறும் குளிர்காற்று மட்டும் அடித்தால் பயிர் கருகும். இதில் ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் குளிரே அதற்குத் தேவை. சில வாரங்கள் நல்ல குளிர் பட்டால்தான் இந்தக் கோதுமை வசந்தத்தில் கதிர் விடும், இல்லாவிட்டால் வெறும் புல்லாகவே நிற்கும். மார்ச்சில் வயல் மறுபடியும் பச்சை கட்டும், மே மாதம் கதிர் வெளிவரும், பால் பிடிக்கும், ஜூன் நடுவில் வயல் முழுக்கப் பொன்னிறம். ஆக, விதைத்த நாளிலிருந்து அறுக்கும் நாள் வரைக்கும் ஏறக்குறைய ஒன்பது மாதம். நம் குறுவை நெல் நான்கு மாதத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடும், இதை யோசித்துப் பாருங்கள்.

கோதுமை மணி மண்ணில் விழுந்து செத்தால்தான் மிகுந்த பலன் தரும் என்று யோவான் சுவிசேஷத்தில் இயேசு சொல்கிறார். நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இதைக் கேட்கிறவருக்கு அது ஒரு உவமை. செத்துப்போனது போலக் கிடந்த வயல் மார்ச் மாதம் எழுந்து வருவதை வருஷா வருஷம் பார்க்கிறவருக்கு அது ஜன்னலுக்கு வெளியே நடக்கிற சங்கதி. ஒரே வசனம்தான், இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகக் கேட்கிறது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவில் இருக்கிற விரிசல் இந்த மாதிரி இடங்களில்தான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, ஜெபம் எங்கே வருகிறது? மேற்கு கான்சஸில் வருஷத்துக்கு 400 முதல் 500 மில்லிமீட்டர் மழைதான். அங்கே கோதுமையில் பெரும்பகுதி மானாவாரி. அதுவாவது பழகிப்போன விஷயம். கடைசி நேர ஆபத்துகள்தான் ஆளைக் கொல்லும். ஏப்ரல் கடைசியில் ஒரே ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் கதிர் செத்துவிடும், வெளியே இலை பச்சையாகவே தெரியும். ஜூனில் கதிர் முற்றிய பிறகு ஆலங்கட்டி மழை வந்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஒன்பது மாத உழைப்பும் தரையில் கிடக்கும், பக்கத்து வயலில் ஒன்றும் ஆகியிருக்காது. கல் விழாமல் வெறும் மழையே பெய்தாலும் கஷ்டம்தான்: முற்றிய மணி திரும்பத் திரும்ப நனைந்து காய்ந்தால் எடை குறையும், அதிக நாள் நனைந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும். அக்டோபரில் மழைக்காக ஜெபித்த அதே மனிதர் ஜூனில் மழை வேண்டாம் என்று ஜெபிக்கிறார். வயல் தயாரான பிறகு காத்திருப்பது பத்து நாள், அதிகம் போனால் இரண்டு வாரம். ஒரு குடும்பத்தின் மொத்த வருஷமும் அந்தப் பத்து நாள் வானத்தில் தொங்குகிறது.

2023ல் வறட்சி அடித்தபோது கான்சஸில் அறுபது வருஷங்களில் பார்க்காத மோசமான அறுவடை, பல வயல்களை அறுக்கவே இல்லை, அறுக்கிற கூலிக்குக்கூடத் தேறாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பத்து நாளைக் கடப்பதற்காகவே அங்கே ஒரு தொழில் இருக்கிறது. கூலிக்குக் கோதுமை அறுக்கும் நாடோடிக் குழுக்கள். ஊரில் இவர்களைக் 'கட்டர்' என்றுதான் சொல்வார்கள். நெல் அறுக்க சேலம், ஆத்தூர் பக்கமிருந்து டெல்டாவுக்கு மெஷின்கள் வரிசை கட்டி வருமே, கிட்டத்தட்ட அது மாதிரி, ஆனால் தூரம் மட்டும் பல மடங்கு. மே கடைசியில் டெக்சாஸில் தொடங்குவார்கள். கோதுமை தெற்கிலிருந்து வடக்காகப் பழுத்துக்கொண்டே போகும், இவர்கள் அதன் பின்னாலேயே போவார்கள்: ஓக்லஹோமா, ஜூனில் கான்சஸ், ஜூலையில் நெப்ராஸ்கா, தெற்கு டகோடா, ஆகஸ்டில் மான்டனா. லாரிகளில் ஏற்றிய கம்பைன்கள் (அறுத்து அங்கேயே போரடித்துவிடும் இயந்திரங்கள்), தானிய லாரிகள், பின்னால் இழுத்துக்கொண்டு வரும் வீட்டு வண்டிகள், அதில் மனைவி, குழந்தைகள், சமையல் எல்லாம். பல குழுக்களில் வேலை செய்கிறவர்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து பருவ கால விசாவில் வரும் இளைஞர்கள். பல குடும்பங்களில் மூன்று தலைமுறையாக இதே தொழில். கூலியைக்கூட மூன்று எண்ணாகச் சொல்வார்கள், 25-25-25 என்று. ஏக்கருக்கு 25 டாலர், ஒரு ஏக்கரில் 20 புஷலுக்கு மேல் விளைந்தால் மிஞ்சிய ஒவ்வொரு புஷலுக்கும் 25 சென்ட், லாரியில் கொண்டுபோய்ச் சேர்க்கப் புஷலுக்கு 25 சென்ட். இப்போது எண்கள் ஏறிவிட்டன, சொல்கிற முறை மாறவில்லை. (புஷல் என்பது முகத்தலளவை. கோதுமைக்கு 60 பவுண்டு, அதாவது 27 கிலோ சொச்சம்.)

இந்தத் தொழில் பெரிதானதற்கு இரண்டாம் உலகப்போர் ஒரு காரணம். ஆள் இல்லை, இரும்பு இல்லை, ஆனால் உணவு வேண்டும். 1944ல் மாசி-ஹாரிஸ் என்ற கனடா கம்பெனி அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி 500 கம்பைன்களைக் கூடுதலாகச் செய்து, அவற்றை வாங்கியவர்கள் தெற்கிலிருந்து வடக்குவரை அறுத்துக்கொண்டே போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. அந்த ஒரு கோடையில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் அறுத்து முடித்தார்கள்.

காலையில் பனி ஈரம் காயும்வரை வயலில் இறங்க முடியாது. யாராவது ஒருவர் கதிரைக் கையில் கசக்கி, ஊதி, மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். மணி நறுக்கென்று உடைந்தால் நேரம் வந்துவிட்டது. அப்புறம் ஈரப்பதமானியில் ஒரு முறை பார்ப்பார்கள், பதின்மூன்று, பதின்மூன்றரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் களஞ்சியத்தில் விலையைக் குறைப்பார்கள். அதன் பிறகு நடுராத்திரி வரைக்கும் ஓட்டம்தான். அந்தக் களஞ்சியம், அவர்கள் பாஷையில் எலிவேட்டர், கான்சஸின் எந்தச் சின்ன ஊரிலும் மைல் கணக்கில் தூரத்திலிருந்தே தெரியும் வெள்ளைக் கான்கிரீட் கோபுரம். நம் ஊரில் தூரத்தில் கோபுரம் தெரிந்தால் ஊர் வருகிறது என்று தெரிந்துகொள்வது போல அங்கே எலிவேட்டர். அவற்றுக்குச் சமவெளியின் பேராலயங்கள் என்று ஒரு பெயரும் இருக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள். வயல் முற்றிக் கிடக்கிறது, திங்கள் சாயங்காலம் இடியோடு மழை என்கிறது வானிலை அறிக்கை. அறுப்பதா, ஆராதனைக்குப் போவதா? வெளியில் இருப்பவருக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. அங்கே இது குடும்பத்துக்குள் நிஜமாகவே பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். என்ன வந்தாலும் ஞாயிறன்று கம்பைன் சாவியைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். காலையில் ஆராதனைக்குப் போய்விட்டு மதியம் வயலில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இறங்குகிறவர்கள் சொல்கிற சமாதானம் ஒன்று உண்டு, "எருது பள்ளத்தில் விழுந்துவிட்டது" என்பார்கள். ஓய்வுநாளில் உங்கள் எருது துரவில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்பதாக லூக்கா சுவிசேஷத்தில் வருகிறதே, அதிலிருந்து வந்த பேச்சு. ஒரு வேத வசனம் வேலை நேரத்தைத் தீர்மானிக்கிற அன்றாடச் சொல்லாக மாறியிருக்கிறது. இவர்கள் நம்பிக்கை என்று சொல்வது இப்படி வேலைக்குள்ளேயே புழங்குகிற ஒன்று, அதைத் தனியாகப் பிரித்து எடுத்து இது அறிவியலுக்கு எதிரானதா என்று கேட்டால் கேள்வியே அவர்களுக்கு விளங்காது. அதே ஆள் செயற்கைக்கோள் வழிகாட்டும் டிராக்டரில் உட்கார்ந்துகொண்டு, மண் பரிசோதனை முடிவைப் பார்த்து நைட்ரஜன் அளவை மாற்றிக்கொண்டிருப்பார்.

இன்னும் பின்னால் போனால், விதையே மதத்தோடுதான் வந்து இறங்கியது. இன்றைய உக்ரைனின் தென்பகுதியில் ஜெர்மன் பேசும் மென்னோனைட் கிறிஸ்தவர்கள் ஜார் ஆட்சியின் கீழ் விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். ஆயுதம் தொட மாட்டோம் என்பது அவர்களுடைய சபையின் அடிப்படை. அதற்கு ரஷ்ய அரசு கொடுத்திருந்த சலுகையை 1870களில் திரும்பப் பெற ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டார்கள். 1874ல் அலெக்சாண்டர்வோல் என்ற கிராமத்துச் சபை ஏறக்குறைய மொத்தமாக எழுந்து மத்திய கான்சஸுக்கு வந்தது. நிலம் விற்ற சாண்டா ஃபே ரயில்வே அவர்களைத் தேடிப்போய் அழைத்தது, அவர்களைப் போன்றவர்களுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு தரும் சட்டத்தைக் கான்சஸ் மாநிலமும் அதே வருஷம் போட்டது. வந்தவர்கள் கொண்டுவந்த கோதுமை ரகம்தான் டர்க்கி ரெட். குழந்தைகளை உட்காரவைத்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை அங்கே சொல்வார்கள். எத்தனை பெட்டி வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடட்டும், அந்த ரகம் கான்சஸின் குளிரையும் வறட்சியையும் தாங்கியது என்பதில் சந்தேகமில்லை. மணி அவ்வளவு கடினம், கல் ஏந்திரத்தில் சரியாக அரைபடாமல் மாவு ஆலைகளே எஃகு உருளைகளுக்கு மாற வேண்டியிருந்தது. இன்று அந்தச் சமவெளியில் விளையும் கடினச் சிவப்புக் கோதுமையின் பாட்டி அதுதான்.

ஆக, மனசாட்சிக்காக நாடு விட்டு நாடு வந்தவர்களின் மூட்டையில் வந்த விதை அது. முதல் உலகப்போர் சமயத்தில் போர்ப் பத்திரம் வாங்க மறுத்ததற்காக இதே கான்சஸில் மென்னோனைட்டுகளைப் பிடித்துத் தார் பூசிய சம்பவங்களும் நடந்தன. கிராமத்துக் கிறிஸ்தவம் என்றால் எல்லாம் ஒரே அச்சு என்று நினைப்பவர்கள் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையிலிருந்து வந்த கத்தோலிக்க ஜெர்மானியர்கள் வேறு. விக்டோரியா என்ற சின்ன ஊரில் அவர்கள் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய தேவாலயம் 1911ல் முடிந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 45 டாலரும் ஆறு வண்டிக் கல்லும் தர வேண்டும் என்று ஊர்க் கட்டுப்பாடு. மரமே இல்லாத சமவெளியில் கோதுமைக் காசில் எழுந்த இரட்டைக் கோபுரம், இன்றைக்கும் நிற்கிறது.

இந்த நிலம் காலியாகக் கிடந்து இவர்கள் வந்து நிரப்பினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கான்சஸ் என்ற பெயரே கான்சா என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்களை 1873ல் ஓக்லஹோமாவுக்குத் தள்ளிவிட்டார்கள், பானி என்ற இன்னொரு பூர்வகுடிக்கும் அதே பத்தாண்டில் அதே கதி. அவர்களுக்கும் அந்த மண்ணோடு ஒரு தெய்வ உறவு இருந்தது. தேவனுக்கு நன்றி சொல்லி அறுவடை தொடங்குகிற பல குடும்பங்களின் கையில் அந்த நிலம் வந்த கணக்கு 1862ன் குடியேற்றச் சட்டத்தில் ஆரம்பிக்கிறது, தலைக்கு 160 ஏக்கர். அதற்கு முந்தைய பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான் நியாயம்.

குருட்டு நம்பிக்கை என்ற பேச்சு வரும்போது எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது வேறொன்று. 1870, 80களில் "ஏர் போகிற இடத்துக்கு மழை பின்னாலேயே வரும்" என்று ஒரு கோட்பாடு பரவியது. புல்வெளியை உழுதால் மண் ஈரத்தை உறிஞ்சும், அது ஆவியாகி மழை கூடும், ஆகவே வறண்ட மேற்குக்குப் போய்த் தைரியமாக உழுங்கள் என்றார்கள். சொன்னவர்கள் கிராமத்துப் போதகர்கள் இல்லை, நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஆவ்கி போன்ற படித்தவர்களும் நிலம் விற்கிறவர்களும். அந்தச் சில வருஷம் தற்செயலாக மழையும் நன்றாகப் பெய்தது. நம்பிப் போனவர்கள் அடுத்த வறட்சியில் ஓட்டாண்டியானார்கள். அப்புறம் முதல் உலகப்போரில் கோதுமை விலை ஏறியதும் மிச்சம் இருந்த புல்வெளியையும் உழுதார்கள், 1930களில் மழை நின்றபோது மேல்மண் அப்படியே எழுந்து பறந்தது. 1935 ஏப்ரல் 14, கறுப்பு ஞாயிறு. பட்டப்பகலில் கருமேகம் போலப் புழுதிச் சுவர் வந்து மூடியபோது உலகம் முடிந்துவிட்டது என்று பலர் மண்டியிட்டார்கள். அது பாவத்துக்குத் தண்டனை என்று நினைத்தவர்கள் உண்டு. மண்ணுக்குச் செய்த பாவம் என்று எடுத்துக்கொண்டால் அதில் பிழையொன்றும் இல்லை. அதே வருஷம் மண் பாதுகாப்புக்கென்று தனி அரசுத் துறை வந்தது. அறுத்த பயிரின் தாளை வயலிலேயே விட்டு, உழாமல் விதைக்கும் முறை பின்னால் பரவியதற்கும் அந்தப் புழுதிதான் பாடம்.

இப்போது பிளவுக்கு வருகிறேன். நான் புரிந்துகொண்டவரைக்கும் இது கருத்து வேறுபாட்டுக்கு முன்னால் ஒரு தலைக்கணக்கு.

கம்பைன் பரவுவதற்கு முன்னால் கோடைக்குக் கோடை பல்லாயிரம் கூலி ஆட்கள் ரயிலேறிக் கான்சஸுக்கு வருவார்கள். அறுக்க, கட்ட, களத்தில் போரடிக்க, ஒரு போரடிக்கும் மெஷினைச் சுற்றி மட்டுமே இருபது பேருக்குக் குறையாமல் நிற்பார்கள், அத்தனை பேருக்கும் சமைக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கூடுவார்கள். இன்று நாற்பதடி அகலத்துக்கு வாய் வைத்த ஒரு கம்பைன், ஓட்ட ஒருவர், லாரிக்கு ஒருவர் இருவர். 1900 வாக்கில் அமெரிக்கர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் பண்ணைகளில் வாழ்ந்தார்கள். இப்போது இரண்டு பேர்கூட இல்லை. மிச்சப் பேர் எங்கே போனார்கள்? அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் கான்சஸ் சிட்டியிலும் டென்வரிலும் சிகாகோவிலும் ரொட்டி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நகரம் என்பது வேறு இனமாக வானத்திலிருந்து குதிக்கவில்லை, அதில் ஒரு பங்கு அந்த வயல்களுக்குத் தேவைப்படாமல் போன ஜனங்கள்.

ஆள் குறைந்தால் பள்ளிக்கூடம் மூடப்படும், நாலு ஊருக்கு ஒரு பள்ளி ஆகும். மருந்துக்கடை போகும், தபால் அலுவலகம் போகும். கடைசிவரை நிற்பது எலிவேட்டரும் தேவாலயமும்தான். அந்தத் தேவாலயத்துக்கும் சொந்தமாகப் போதகர் இருக்க மாட்டார், ஒருவரே ஞாயிறன்று இரண்டு மூன்று ஊர்களுக்குக் காரில் ஓடுவார். இப்படி ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும் ஊரில் மிஞ்சி இருப்பவர்கள் அந்தச் சபையை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நகரத்தில் சபை என்பது பலவற்றில் ஒன்று. அங்கே கல்யாணம், சாவு, பாட்டு, சாப்பாடு, நட்பு, உதவி எல்லாமே அந்த ஒரு கூரைக்குக் கீழேதான். ஒரு விவசாயி அறுவடை சமயத்தில் இறந்துபோனாலோ நோயில் படுத்தாலோ அக்கம்பக்கத்தார் தங்கள் வயலை விட்டுவிட்டுக் கம்பைன்களோடு வந்து இறங்கி ஒரே நாளில் அவர் வயலை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவது இன்றும் நடக்கிறது. கூலி கிடையாது, பேச்சும் அதிகம் இருக்காது. இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். நம்பிக்கை என்று அவர்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

நகரத்தார் இதைப் பார்ப்பது தூரத்திலிருந்து. 1987ல் நியூஜெர்சியிலிருந்து ஃபிராங்க் பாப்பர், டெபோரா பாப்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். சமவெளியின் வறண்ட பகுதிகளில் மக்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், விவசாயம் தாங்காது, அதனால் அந்த நிலத்தை மறுபடியும் புல்வெளியாக்கிக் காட்டெருமைகளை விடலாம் என்பது யோசனை. புள்ளிவிவரமாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தவறு குறைவு. ஆனால் தாத்தாவின் கல்லறை இருக்கிற ஊரை எருமைக்கு விடச் சொல்லித் தூரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குரல் வந்தால் எப்படி இருக்கும்? கூட்டம் கூட்டமாக எதிர்த்தார்கள். அன்று கான்சஸ் ஆளுநராக இருந்து கடுமையாக எதிர்த்த மைக் ஹேடனே, பல வருஷம் கழித்து, ஊர்கள் காலியாவதைப் பார்த்து, பாப்பர்கள் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டார். இரண்டு தரப்பும் உண்மையைத்தான் பேசியது. ஒன்று கணக்கைப் பேசியது, மற்றது வீட்டைப் பேசியது.

விலையும் நகரத்தில்தான். இந்தக் கோதுமையின் முன்பேர விலை 1876லிருந்து கான்சஸ் சிட்டி வர்த்தகச் சபையில் முடிவாகிக்கொண்டிருந்தது. 2012ல் சிகாகோக்காரர்கள் அதை வாங்கி, அடுத்த வருஷம் அந்த வர்த்தகக் கூடத்தையே மூடிவிட்டார்கள். ஒரு புஷலிலிருந்து ஒன்றரை பவுண்டு வெள்ளை ரொட்டி 42 கிடைக்கும் என்பது கான்சஸில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் கணக்கு. புஷல் 6 டாலர் என்று வைத்தால் ஒரு ரொட்டியில் கோதுமையின் பங்கு 14 சென்ட். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நாம் சொல்வது அப்படியே பொருந்தும். அதே சமயம், யாருடைய தயவும் வேண்டாம், தேவனும் எங்கள் உழைப்பும் போதும் என்று அவர்கள் சொல்லும்போது, பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் பாதிக்கு மேல் மத்திய அரசு, அதாவது நகரத்தாரும் சேர்ந்து கட்டும் வரி, தாங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டேதான் ஒருவரை ஒருவர் திட்டுகிறார்கள்.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1953ல் கான்சஸின் செயென் மாவட்டத்தில் விவசாயிகள் கூட்டமொன்றில் ஒருவர் எழுந்து, இங்கே கோதுமை மலைபோல மிச்சம் கிடக்கிறது, உலகில் ஜனங்கள் பசியோடு இருக்கிறார்கள், அவர்கள் தங்கள் நாட்டுப் பணத்திலேயே வாங்கிக்கொள்ளும்படி கொடுக்கலாமே என்றார். அந்த யோசனை அடுத்த வருஷம் பி.எல். 480 என்ற சட்டமானது. 1960களின் நடுவில் இந்தியாவில் இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தபோது வந்து இறங்கிய கப்பல்கள் அந்தச் சட்டத்தில் வந்தவை. கேர் என்ற அமெரிக்க அமைப்பு 1961லிருந்து நம் பள்ளி மதிய உணவுக்குப் பொருள் தந்தது, அந்தக் கோதுமை உப்புமாவை இன்றும் மறக்காதவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். உபரியைத் தள்ளிவிட ஒரு வழி என்ற கணக்கும் அதில் இருந்தது, இந்தியாவைப் பணியவைக்க ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களை இழுத்தடித்து அனுப்பியதும் நடந்தது. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்ற விவசாயியின் மனசில், "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற ஜெபம் தன் வீட்டுக்கு மட்டும் என்று இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

கடைசியாக ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். ஆகஸ்டு கடைசியில் கட்டர்கள் மான்டனாவில் இருக்கும்போது கான்சஸில் அடுத்த விதைப்புக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். சில வருஷம் செப்டம்பர் முழுக்க ஒரு சொட்டு மழை இருக்காது, மண் காய்ந்து மாவாகக் கிடக்கும். காத்திருந்தால் பருவம் தப்பும். அப்போது ஈரமே இல்லாத மண்ணில் விதையை இறக்கிவிட்டு, மழை வந்தால் முளைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். இங்கிலீஷில் அதற்கு அவர்கள் சொல்லும் பேரின் அர்த்தமே தூசியில் தூவுவது என்பதுதான். ராமநாதபுரத்து மானாவாரிக்காரரிடம் இதைப் போய்ச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார். புழுதி விதைப்பு என்பார்.